ஆறு மாதம் இணையத்தில் எழுதிச் சம்பாதித்தேன், கணக்குப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்

கணக்குநோட்டு எழுதியது:

பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ‘ஓய்வு நேரத்தில் எழுதியே சம்பாதிக்கலாம்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று ஆறு மாதம் முயன்று பார்த்தேன். தொழில் பழக்கம் விடவில்லை. வந்த பணத்தோடு போன நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அதில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்.

தூக்கமின்மை பற்றி 1500 சொல்லில் ஒரு கட்டுரை. விஷயத்தைத் தேடிப் படித்தது 2 மணி நேரம். எழுதியது 3 மணி நேரம். கிளையன்ட் இரண்டு முறை திருத்தம் கேட்டார், அதற்கு ஒன்றரை மணி. முதல் முறை “கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும்” என்றார். கலகலப்பாக்கிக் கொடுத்ததும் “இது உடல்நலத் தளம், கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும்” என்றார். படம் தேடிப் போட்டதும், கூகுள் தேடலில் வருவதற்காக அவர் கொடுத்த கீவேர்டை நாலு இடத்தில் திணித்ததும் அரை மணி. ஆக 7 மணி நேரம். முடிந்ததா? இந்த ஒரு வேலை கிடைப்பதற்கு முன் 11 பேருக்கு விண்ணப்பம் எழுதியிருந்தேன், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். மொத்தம் 10 மணி 40 நிமிடம்.

வந்த தொகையில், வேலை பிடித்துத் தரும் தளம் 20 சதவீதம் பிடித்துக்கொண்டது. பணத்தை மாற்றி வாங்கியதில் இன்னும் கொஞ்சம் போனது. மிச்சத்தை அந்த நேரத்தால் வகுத்தால், பகல் வேலையில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைக் கூடுதல் வருமானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கத்தை விற்றுத் தூக்கமின்மை பற்றி எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். மறுக்கிறவர்கள் மறுக்கலாம், ஆனால் நோட்டோடு வாருங்கள்.

இரவுவிளக்கு எழுதியது:

மறுக்கிறேன் சார். ஒன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். முதல் இரண்டு வருடம் பகுதிநேரம், அப்புறம் முழுநேரம்.

உங்கள் கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை, செலவை எழுதிய இடம்தான் தப்பு. கடை திறக்க ஆன செலவு முழுவதையும் முதல் நாள் வந்த ஒரே வாடிக்கையாளர் தலையில் கட்டினால் எந்தக் கடையும் நஷ்டக் கடைதான். அந்த 11 விண்ணப்பமும் ஒரு கட்டுரைக்கான செலவு இல்லை, ஒரு கிளையன்டைப் பிடிக்க ஆன செலவு. அவர் இருபது முறை திரும்பி வந்தால் அதை இருபதால் வகுக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்குப் போய் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்!

அது போகட்டும். கணக்கு தெரிந்தவர் தூக்கமின்மை பற்றி ஏன் எழுதப் போனீர்கள்? அதை எழுத ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள், அதனால்தான் அதற்கு விலை இல்லை. கணக்கு மென்பொருள் விற்கிறவர்களுக்கு உதவிப் பக்கம் எழுத ஆள் தேவைப்படுகிறது. மாதக் கடைசியில் வங்கி இருப்பும் நம் ஏட்டின் இருப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் எங்கே தேடுவது என்பதை நீங்கள் எதையும் புரட்டாமல் எழுதுவீர்கள். படிக்கும் 2 மணி நேரம் அங்கேயே மிச்சம்.

நான் நாலு வருடம் மருந்துக்கடையில் நின்றவள். எனக்கு வந்த முதல் நல்ல வேலை, மருந்துகளுக்கான பயன்பாட்டுக் குறிப்பு. நடை அழகாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. மாத்திரையை உடைத்துச் சாப்பிடலாமா கூடாதா என்பதைக் குழப்பாமல் எழுதுவதற்குத்தான் பணம்.

கத்தரிக்கோல் எழுதியது:

எழுதுகிற பக்கமே பேசுகிறது. வாங்குகிற பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு தளத்தில் ஆசிரியராக ஐந்து வருடம் கட்டுரை வாங்கியிருக்கிறேன்.

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்ததை இரண்டு பேருமே பேசவில்லை. அதற்கு அடுத்த வருடம் என் மேலிடம் முதலில் கை வைத்தது எதில் தெரியுமா? ‘நன்றாகத் தூங்கப் பத்து வழிகள்’ வகையில்தான். நோட்டுக்காரர் நிறுத்தியிருக்காவிட்டாலும் அந்த வேலை அவரை நிறுத்தியிருக்கும்.

மலிவுக் கட்டுரைக்கு அடி விழுவது இது முதல் முறையும் இல்லை. கீவேர்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டுரைகளைக் குவித்துக்கொண்டிருந்த தளங்கள் ஒரு காலத்தில் ஓகோ என்று ஓடின. 2011 பிப்ரவரியில் கூகுள் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்ததும் அவற்றில் பல தேடலில் சரிந்தன. 2024 மார்ச்சில், தேடலில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை ஸ்பாமாகக் கருதுவோம் என்று கூகுள் விதியே போட்டது. மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் அதே விதிதான்.

விண்ணப்பம் பற்றியும் சொல்கிறேன். ஒரு முறை காது கேட்கும் கருவி பற்றிய கட்டுரைக்கு ஆள் தேடினேன். 60 விண்ணப்பம் வந்தது. ஐம்பதுக்கு மேல் “ஐயா, உங்கள் தேவையை முழுமையாகப் படித்தேன்” என்றே தொடங்கின. படிக்கவில்லை. படித்திருந்தால் அறிவிப்பின் கடைசி வரியில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்திருக்கும். ஒரு பெண் மட்டும் மூன்று வரி எழுதியிருந்தார்: “என் பாட்டி கருவியை மாட்டியதும் கீச்சென்று சத்தம் வரும். காதில் சரியாகப் பொருந்தாததுதான் காரணம் என்று தெரிய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. கட்டுரையை அங்கிருந்து தொடங்கட்டுமா?” வேலை அவருக்குத்தான். சாம்பிளை அப்புறம்தான் பார்த்தேன்.

நேற்றுவந்தவன் எழுதியது:

பெரியவர்கள் பேச்சுக்கு நடுவே ஒரு சந்தேகம். எனக்கு இரண்டு பேர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார், முதல் கட்டுரையோடு திருப்பித் தந்துவிடுவாராம். இன்னொருவர் கட்டணம் கேட்கவில்லை, ஆனால் 2000 சொல்லில் இலவசமாக ஒரு டெஸ்ட் ஆர்ட்டிகிள் வேண்டுமாம். எதை எடுக்கலாம்?

கணக்குநோட்டு எழுதியது:

இரண்டையும் விட்டுவிடுங்கள் தம்பி. நானும் டெஸ்ட் கொடுத்தவன்தான். “தரம் போதவில்லை” என்று ஒரே வரியில் பதில் வந்தது. மூன்று வாரம் கழித்து ஏதோ தேடும்போது அந்தக் கட்டுரை அவர்கள் பக்கத்திலேயே கண்ணில் பட்டது. மேலே வேறு யாரோ ஒருவர் பெயர். நான் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

இரவுவிளக்கு எழுதியது:

இதில் சாரோடு எனக்குச் சண்டை இல்லை. வேலை கொடுக்கிறவர் பணம் கொடுப்பார், வாங்க மாட்டார். அப்வொர்க் போன்ற தளங்களில் விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் என்று டோக்கன் வாங்க வேண்டியிருக்கும். அது தளத்துக்குப் போகிற பணம், விதியிலேயே எழுதியிருக்கிறது. யாரோ ஒருவர் தனியாகக் கேட்கும் பதிவுக் கட்டணத்தை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டெஸ்ட் கேட்டால் 200 சொல் எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் பணம். மொத்தத் தொகை பேசிய வேலை என்றால், கிளையன்ட் தொகையைத் தளத்தின் எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை தளமே பணத்தைப் பிடித்து வைக்கும் கணக்கில், கட்டிய பிறகு முதல் வரியை எழுதுங்கள். அப்வொர்க்கில் நாம் வேலையை ஒப்படைத்து 14 நாள் அவர் வாயே திறக்காவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். “தளத்துக்கு எதற்குக் கமிஷன், வாட்ஸாப்பில் பேசிக்கொள்வோம்” என்று கூப்பிடுவார்கள். அங்கே போனால் எஸ்க்ரோவும் இல்லை, 14 நாளும் இல்லை.

கணக்குநோட்டு எழுதியது:

அந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலையையும் சொல்லுங்கள் அம்மா. ஃபைவர் என்ற தளத்தில் 20 சதவீதம். அப்வொர்க்கில் முன்பு ஒரே கிளையன்டோடு வேலை கூடக் கூட 20, 10, 5 என்று கமிஷன் குறைந்துகொண்டே வரும். 2023-ல் எல்லாவற்றையும் 10 ஆக்கினார்கள். 2025-ல் புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 வரை வேலையைப் பொறுத்து என்றார்கள். திரும்பி வரும் கிளையன்டை வைத்து வகுக்கச் சொன்னீர்களே, அப்படி ஒரே ஆளோடு வருடக்கணக்கில் உழைத்தவருக்கு இருந்த 5 சதவீதச் சலுகைதான் முதலில் போனது.

மணிக்கணக்கில் கூலி பேசினால் இன்னொரு கூத்து. வேலை நேரத்தைப் பதிவு செய்யும் செயலி சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு முறை நம் திரையைப் படம் பிடித்து அனுப்புகிறது. என் பகல் வேலை மேலாளர் கடுகடு ஆள்தான், ஆனால் அவர்கூட மணிக்கு ஆறு முறை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததில்லை. ‘உன் நேரம் உன் கையில்’ என்கிறார்கள். யார் கையில்?

சாய்வுநாற்காலி எழுதியது:

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். பென்ஷனோடு கொஞ்சம் சேரட்டும் என்று எழுத வந்தேன். ஐந்து கட்டுரைக்கு ஒழுங்காகப் பணம் வந்தது. ஆறாவதுக்கு, ‘எங்கள் கருவி இதில் 84 சதவீதம் இயந்திரம் எழுதியது என்கிறது, பணம் தர முடியாது’ என்று கடிதம். வாக்கியங்கள் ரொம்பச் சீராக இருக்கின்றனவாம். முப்பது வருடம் பிள்ளைகளைச் சீராக எழுது, சீராக எழுது என்று அதட்டியவனுக்கு இது தேவைதான்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே இப்படிக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தவர்களுக்கே தெரியாதது உங்கள் கருவிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பதில் வரவில்லை, பணமும் வரவில்லை. தொகை பெரிதில்லை. ஆனால் இந்த வயதில் காப்பி அடித்த பையன் மாதிரி நிற்க வைத்துவிட்டார்கள்.

கத்தரிக்கோல் எழுதியது:

ஐயா, படிக்கவே சங்கடமாக இருக்கிறது. நானும் ஒருவரை அப்படிச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அவர் சண்டை போடவில்லை. தான் எழுதிய கூகுள் டாக்ஸ் கோப்பைத் திறந்து அதன் பழைய பதிப்புகளைக் காட்டினார். முதல் பத்தியை நாலு முறை அடித்து எழுதியது, ஒரு துணைத்தலைப்பைத் தூக்கிக் கடைசிக்குக் கொண்டுபோனது, நடுவில் ஒரு நாள் ஒன்றுமே எழுதாமல் விட்டது எல்லாம் அதில் இருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பணம் அனுப்பினேன். இனிமேல் வேறெங்கோ எழுதிக் கொண்டுவந்து ஒட்டாமல் முதல் வரியிலிருந்தே அங்கே எழுதுங்கள்.

இரவுவிளக்கு எழுதியது:

நோட்டோடு வரச் சொன்னீர்கள் சார், என் நோட்டில் நல்ல பக்கம் மட்டும் இல்லை. 2023 கடைசியில் என் இரண்டு பழைய கிளையன்டுகள், “இனி நாங்களே இயந்திரத்தில் எழுதிக்கொள்கிறோம், நீங்கள் சரிபார்த்தால் போதும், கூலி பாதி” என்றார்கள். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன். மூன்றாவது கோப்பிலோ நாலாவதிலோ, உடம்புக்குள் பல மணி நேரம் மெல்லக் கரைய வேண்டிய ஒரு மாத்திரையை ‘விழுங்கச் சிரமமாக இருந்தால் பொடித்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தது. பொடித்தால் நாள் முழுதுக்கான மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். வாக்கியம் என்னவோ பிழை இல்லாமல் அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டே படிக்கிறேன். புதிதாக எழுதும் நேரமேதான் ஆகிறது, கூலி மட்டும் பாதி.

இது போதாதென்று கோஸ்ட் ரைட்டிங் வேறு. இரண்டு வருடம் ஒருவர் பெயரில் எழுதினேன். நன்றாகப் பேர் வந்தது, அவருக்கு. ஒப்பந்தப்படி நான் எழுதியது என்று வெளியே சொல்லக்கூடாது, சாம்பிளாகக் காட்டவும் முடியாது. அந்த இரண்டு வருடம் என் புரொபைலில் காலியாகக் கிடக்கிறது.

ஆகவே நீங்கள் பயந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். தெரியாத விஷயத்தை எழுதிப் பார்த்துவிட்டு, தெரிந்ததை எழுதாமலே நிறுத்தியதுதான் தப்பு என்கிறேன்.

கணக்குநோட்டு எழுதியது:

சரி, அந்தக் கடைசி வரி குத்திவிட்டது. நேற்று இரவு கணக்கு மென்பொருள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு எழுதினேன். வங்கி இருப்பு ஒத்துப்போகாத கதையைத்தான் மாதிரியாக வைத்தேன். அவர்கள் உதவிப் பக்கத்தில் அந்த இடத்தில் ஒரு படி விடுபட்டிருக்கிறது, அதையும் சொன்னேன். விண்ணப்பத்துக்கு ஆனது 35 நிமிடம், நோட்டில் ஏற்றிவிட்டேன். இதுவரை பதில் இல்லை. ஒரு மாதம் பார்ப்பேன். பகல் கூலியில் பாதியாவது தேறாவிட்டால் இதே இடத்துக்கு வந்து “நான்தான் சொன்னேனே” என்று எழுதுவேன். இருபதால் வகுக்கும் வேலையெல்லாம் இருபதாவது கட்டுரை வந்த பிறகுதான்.

நேற்றுவந்தவன் எழுதியது:

பதிவுக் கட்டணக்காரரிடம் “முதல் கட்டுரைப் பணத்தில் கழித்துக்கொள்ளுங்களேன்” என்றேன். என்னை பிளாக் செய்துவிட்டார். டெஸ்ட் கேட்டவர் 200 சொல் போதும் என்று ஒத்துக்கொண்டார் அக்கா!

இரவுவிளக்கு எழுதியது:

நல்லது தம்பி. என்ன தலைப்பு கொடுத்தார்?

நேற்றுவந்தவன் எழுதியது:

தூக்கமின்மை.