முதுகுப்புற வேரும் முதுகுப்புறக் கிளையும் ஒண்டா?

வெள்ளவத்தை மாணவி:
கொழும்பில மருத்துவம் முதலாம் ஆண்டு. உயர்தரம் தமிழில, இங்க விரிவுரை முழுக்க ஆங்கிலம். முதுகுப்புற வேர் அறுந்தால் உணர்ச்சி மட்டும் போகும். முதுகுப்புறக் கிளைக்கும் அதே விடைதானே? அடுத்தது, கழுத்து முள்ளென்பு 7, நரம்பு ஏன் 8? ஸ்பொட் டெஸ்ட் (மாதிரியைப் பார்த்து உறுப்பை அடையாளம் சொல்லுற சோதனை) வருது, தெரிஞ்ச அண்ணாமார் அக்காமார் சொல்லுங்கோ.

உடலமைப்பியல் டெமோ:
இல்லை தங்கச்சி. முண்ணாணில (முள்ளந்தண்டுக்குள்ள ஓடுற நரம்புத் தண்டு) இருந்து வெளிய வாற ஒழுங்கில பிடியுங்கோ: சிறுவேர், வேர், நரம்பு, கிளை. வேரில பாதை பிரிஞ்சிருக்கு. முதுகுப்புற வேரால உணர்ச்சி உள்ளே போகும், வயிற்றுப்புற வேரால இயக்கம் வெளியே வரும். ரெண்டும் முள்ளென்புகளுக்கு இடையில இருக்கிற துளையில சேர்ந்தால்தான் முண்ணாண் நரம்பு. அது மிகவும் கட்டை, உடனே ரெண்டு கிளையாப் பிரியும். சேர்ந்ததுக்குப் பிறகு எல்லாமே கலப்பு. முதுகுப்புறக் கிளை முதுகின்ர ஆழ்தசைக்கும் அதுக்கு மேல இருக்கிற தோலுக்கும் போகுது. அறுந்தால் தோல் மரக்கிறதோட தசையும் பாதிக்கும். கையும் காலும் வயிற்றுப்புறக் கிளையின்ர பங்கு.

கவனம்: கைக்குப் போற நரம்புப் பின்னலின்ர ‘வேர்கள்’ எண்டு புத்தகங்கள் சொல்லுறது சி5 முதல் ரி1 வரையான (5ஆம் கழுத்து நரம்பில இருந்து 1ஆம் நெஞ்சு நரம்பு வரை) வயிற்றுப்புறக் கிளைகளை. பெயரில மட்டும்தான் வேர். அதில இயக்கமும் இருக்கு, உணர்ச்சியும் இருக்கு.

வாட் ரவுண்ட்:
எண்ணிக்கைக்கு வருவோம். முதலாவது நரம்பு மண்டையோட்டுக்கும் முதல் கழுத்து முள்ளென்புக்கும் இடையால் வருகிறது. அதனால் சி1 முதல் சி7 வரை தன் எண்ணுள்ள முள்ளென்புக்கு மேலால் வெளியேறும். ஏழாவதுக்குக் கீழே மிஞ்சும் இடைவெளி சி8க்கு. ரி1இலிருந்து எல்லாம் தன் முள்ளென்புக்குக் கீழால். மொத்தம் 31 சோடி: கழுத்து 8, நெஞ்சு 12, இடுப்பு 5, திருவெலும்பு 5, வால் 1.

இது வாட்டிலும் தேவைப்படும். எல்4–எல்5 டிஸ்க் (இடுப்பின் 4ஆம், 5ஆம் முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு) பிதுங்கினால், பாதிக்கப்பட்ட நரம்பு எல்4 என்று எழுதிவிடாதீர்கள். எல்4 நரம்பு அங்குள்ள துளையின் மேற்பகுதியால் ஏற்கனவே வெளியேறிவிடும். வழக்கமாகப் பிதுங்கும் பின்பக்கவாட்டில் நெரிபடுவது கீழே இறங்கும் எல்5 வேர். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள், பலம் குறைந்திருக்கும். துளைக்கு வெளியே தூரத்தில் பிதுங்கினால்தான் எல்4 மாட்டும். கழுத்தில் சி5–சி6 டிஸ்க் என்றால் சி6.

வெள்ளவத்தை மாணவி:
நன்றி அக்கா, அண்ணா. மாதிரியில எது முதுகுப்புற வேர் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

உடலமைப்பியல் டெமோ:
வீக்கத்தைப் பாருங்கோ. துளைக்குக் கிட்ட புடைச்சிருக்கிறது நரம்புத்திரட்டு. அது உள்ள வேர்தான் முதுகுப்புற வேர். உணர்ச்சி நரம்புக்கலங்களின்ர உடல்கள் அதுக்குள்ள இருக்கு, ஆனா அங்க சினாப்ஸ் (ஒரு நரம்புக்கலம் அடுத்ததுக்குச் செய்தி கடத்துற சந்திப்பு) இல்லை. வைவாவில (வாய்மொழிப் பரீட்சை) இதைக் கட்டாயம் கேப்பினம். இதயம், குடல் மாதிரித் தானா இயங்குற உறுப்புகளுக்குப் போற தன்னாட்சி நரம்புகளின்ர திரட்டுகளில சினாப்ஸ் உண்டு.