பி மைனர் பெண்டடோனிக்ல சோலோ வாசிச்சா ஸ்கேல் ப்ராக்டீஸ் மாதிரியே கேக்குது, உதவி வேணும்

ரிதம்கை
எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா கிட்டார் வாசிக்கிறேன், ரிதம் ஓரளவு நல்லாவே வரும், ஆறு மாசமாத்தான் லீட் (தனியா மெட்டு வாசிக்கறது) பக்கம் வந்திருக்கேன். எனக்கு வேகம் எல்லாம் வேணாம், எழுபதுகள்ல வந்த ராக் பாட்டுல இருக்குமே, பாட்டு முடிஞ்சும் சோலோவ வாய் முணுமுணுத்துட்டே இருக்குமே, அப்படி ஒண்ணு சொந்தமா கட்டணும். ஈகிள்ஸோட ஹோட்டல் கலிஃபோர்னியா பேக்கிங் ட்ராக் (சோலோ இல்லாத பின்னணி இசை) போட்டு தினமும் வாசிக்கிறேன் (ஒரிஜினல் சோலோவ காப்பி அடிக்க இல்ல, அந்த கார்ட்ஸ் மேல என்னோடது ஒண்ணு வரணும்னு). பி மைனர் பெண்டடோனிக் (அஞ்சே நோட் இருக்கற ஸ்கேல்), 7வது ஃப்ரெட் பாக்ஸ் (கிட்டார் கழுத்துல அந்தக் கட்டத்த ஒட்டி கை நகராம வாசிக்கற இடம்), நடுவுல அப்பப்ப ஜி நோட்டையும் சேத்துக்குவேன். சில இடம் நல்லா இருக்கு, சில இடத்துல திடீர்னு அபஸ்வரமா இடிக்குது, மொத்தமா கேட்டா பயிற்சி பண்ற மாதிரிதான் இருக்கு. குழப்பம் என்னன்னா, இதே ஸ்கேல், இதே பாக்ஸ், பிங்க் ஃப்ளாய்டோட காம்ஃபர்டப்ளி நம் கடைசி சோலோ ட்ராக் மேல வாசிச்சா ஒரு நோட் கூட இடிக்கல. ரெண்டுமே பி மைனர்தானே, அப்புறம் ஏன் இப்படி?

பழையகேசட்
தம்பி, முதல்ல ஃபோன்ல ஒரு ரவுண்டு ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. கார்ட்ஸ் வரிசை பி மைனர், எஃப் ஷார்ப் செவன், ஏ, ஈ, ஜி, டி, ஈ மைனர், திரும்ப எஃப் ஷார்ப் செவன், மொத்தம் எட்டு. எத்தனாவது கார்ட்ல இடிக்குதுன்னு மட்டும் குறிச்சுட்டு வாங்க, மிச்சத்த அப்புறம் பேசுவோம்.

ரிதம்கை
மூணு ரவுண்டு எடுத்துக் கேட்டேன் அண்ணா. ரெண்டாவது கார்ட், நாலாவது கார்ட், எட்டாவது கார்ட். மூணு ரவுண்டுலயும் அதே இடங்கதான். மத்த இடத்துல தப்பு இல்ல, ஆனா உயிரும் இல்ல.

பழையகேசட்
அப்ப பிரச்சனை கையில இல்ல தம்பி, நோட்லதான். பி மைனர் பெண்டடோனிக்ல இருக்கறது பி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ. இப்ப எஃப் ஷார்ப் செவன் கார்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க, ஏ ஷார்ப் இருக்கு. அந்த கார்டுக்கு முகமே அதுதான். நீங்க அங்க போய் ஏ நோட்ட இழுத்துப் பிடிச்சு நிக்கறீங்க, கீழ கார்ட் ஏ ஷார்ப்னு சொல்லுது, அரை ஸ்வரம் தள்ளி ரெண்டும் மோதாம என்ன செய்யும்? நாலாவது கார்ட் ஈ மேஜர், அதுல ஜி ஷார்ப் இருக்கு, நீங்க சேத்துக்கற ஜி அங்க இடிக்கும். காம்ஃபர்டப்ளி நம் கடைசி சோலோவுக்குக் கீழ ஓடறது பி மைனர், ஏ, ஜி, ஈ மைனர், நாலும் பி மைனர் ஸ்கேலுக்குள்ளயே அடங்கிடும், வெளி ஆள் ஒருத்தரும் இல்ல, அதான் எங்க கை வெச்சாலும் தப்பிச்சுக்கறீங்க.

இப்ப ஒண்ணு செய்ங்க. இன்னைக்கு பாக்ஸ மறந்துடுங்க. ரெண்டாவது தந்தி மட்டும், ஒரு கார்டுக்கு ஒரே ஒரு நோட், கார்ட் விழும்போது அடிச்சு அடுத்தது வரைக்கும் நீட்டுங்க. பி மைனருக்கு 12வது ஃப்ரெட், எஃப் ஷார்ப் செவனுக்கு 11, ஏவுக்கு 10, ஈக்கு 9, ஜிக்கு 8, டிக்கு 7, ஈ மைனருக்கு 5, கடைசி எஃப் ஷார்ப் செவனுக்கு திரும்ப 7. ஒரே தந்தில படி படியா இறங்குறீங்க பாருங்க, இதுக்குப் பேரே வேணாம், அந்த கார்ட் வரிசைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கற மெட்டு இது. நான் முதல் தடவ இத கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி சாப்பிடக்கூட எந்திரிக்கல.

மோட்கணக்கு
இதுக்கு முறையான பதில் என்னன்னா எஃப் ஷார்ப் செவன் வரும்போது பி ஹார்மோனிக் மைனர், ஈ மேஜர் வரும்போது பி டோரியன், இப்படி ஸ்கேல மாத்திக்கணும். ரெண்டையும் அஞ்சு பொசிஷன்லயும் மனப்பாடம் பண்ணிட்டா இந்தப் பிரச்சனையே வராது.

பழையகேசட்
நீங்க சொல்றது சரிதான் ப்ரோ, தப்பே இல்ல. ஆனா கார்ட் மாறுற நேரத்துல ஒரு முழு ஸ்கேலயே மனசுல மாத்தறத விட, ஒரே ஒரு விரல 10ல இருந்து 11க்கு நகத்தறது ஆரம்பிக்கறவங்களுக்கு கைக்கு எட்டும். மாறுறது ஒரு நோட்தானே. பேரெல்லாம் காது பழகினப்புறம் தானா ஒட்டிக்கும். லெட் ஸெப்பலினோட ஸ்டேர்வே டு ஹெவன் எடுத்துக்கங்க, 1971ல வந்தது, சோலோவுக்குக் கீழ ஏ மைனர், ஜி, எஃப் மூணே கார்ட், கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் ஏ மைனர் பெண்டடோனிக்லயே போறாரு, ஆனா எஃப் கார்ட் விழும்போது அந்த ஸ்கேல்ல இல்லாத எஃப் நோட்ல போய் இறங்குறாரு. அந்த ஒரு நோட்டாலதான் அது ஸ்கேலா கேக்காம பாட்டா கேக்குது.

தந்தியும்தாளமும்
நோட் விஷயம் அண்ணன் சொல்லிட்டாரு, நான் மூச்சப் பத்தி சொல்றேன். கிட்டாருக்கு மூச்சு முட்டாது, அதுதான் வில்லங்கமே, விரல் நிக்காம ஓடிட்டே இருக்கும், கேக்கறவனுக்குத்தான் மூச்சு முட்டும். கிட்டார கீழ வெச்சுட்டு பேக்கிங் ட்ராக் மேல வாயால பாடுங்க, தன்னன்னானோ லாலாவோ எதுவா இருந்தாலும் சரி. வெக்கப்படாதீங்க, கதவ சாத்திக்கங்க. மூச்சு தீர்ற இடத்துல நிறுத்தியே ஆகணும்ல, அங்கதான் ஃப்ரேஸ் முடியுது. முதல் நாலு கார்டுக்கு ஒரு கேள்வி கேக்கற மாதிரி, அடுத்த நாலுக்கு பதில் சொல்ற மாதிரி பாடிப் பாருங்க. அத ரெக்கார்ட் பண்ணி, ஒவ்வொரு நோட்டா தந்தில தேடி எடுங்க. க்வீனோட பொஹீமியன் ராப்சடி சோலோ 1975ல வந்தது, கிட்டாரிஸ்ட் பிரையன் மே அத மனசுக்குள்ள மெட்டா கேட்டுட்டுதான் கிட்டார்ல கொண்டு வந்தாரு, பாடற மெட்டத் திருப்பி வாசிக்காம அதுக்கு ஜோடியா இன்னொரு மெட்டு வெச்சாரு. அந்த சோலோவ நீங்க வாயால பாட முடியும், யார் வேணா பாடலாம், அதுதான் கணக்கு.

புதுபெடல்
ஆம்ப் என்ன? க்ளீனா வாசிச்சா எல்லாமே எக்ஸர்சைஸ் மாதிரிதான் கேக்கும். ஒரு டிலே (எதிரொலி), கொஞ்சம் ஓவர்டிரைவ் (கரகரப்பு) போட்டுப் பாருங்க.

தந்தியும்தாளமும்
டிலே நல்லாத்தான் இருக்கும், ஆனா இப்ப வேணாமே, இடிக்கற நோட்ட டிலே நாலு தடவ திருப்பி இடிக்கும். மெட்டு நின்னப்புறம் போட்டுக்கலாம்.

ரிதம்கை
அஞ்சு நாள் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழையகேசட் அண்ணா, அந்த 12, 11, 10, 9 வாசிச்சப்போ நிஜமாவே உடம்பு சிலிர்த்துடுச்சு, இத்தனை நாள் இது கண் முன்னாடியே இருந்திருக்கு. அப்புறம் பாடிப் பாடி ரெண்டு ஃப்ரேஸ் புடிச்சேன், முதல் நாலு கார்டுக்கு ஒண்ணு வந்துடுச்சு. இப்ப மாட்டியிருக்கறது பெண்டிங் (தந்திய வளைச்சு சுருதி ஏத்தறது). மூணாவது தந்தி 9வது ஃப்ரெட்ல இருந்து முழு பெண்ட் குடுக்கறேன், பாடும்போது சுருதில இருக்கு, வாசிக்கும்போது ஒரு தடவ கீழயே நின்னுடுது, ஒரு தடவ தாண்டிப் போகுது. 09 செட் தந்திதான் போட்டிருக்கேன்.

பழையகேசட்
மெல்லிசு தந்தி, சட்டுனு தாண்டிடும். அந்த 9வது ஃப்ரெட் நோட் ஈ, முழு பெண்ட் குடுத்தா எஃப் ஷார்ப்ல போய் நிக்கணும். அதே எஃப் ஷார்ப் ரெண்டாவது தந்தி 7வது ஃப்ரெட்ல பக்கத்துலயே உக்காந்திருக்கு. முதல்ல அத அடிச்சு காதுல வாங்கிக்கங்க, அப்புறம் மூணாவது தந்திய வளைங்க. பத்து தடவ. பிறகு ரெண்டையும் சேத்து அடிச்சுட்டு வளைங்க, சேராத வரைக்கும் ரெண்டு நோட்டுக்கும் நடுவுல ஒரு அலை அடிக்கும், சுருதி சேர சேர அலை மெதுவாகி அப்படியே அடங்கிடும். அந்த அடங்குற நொடி காதுக்குப் புடிபட்டுட்டா அப்புறம் மறக்காது. ஒத்த விரலால தள்ளாதீங்க, மோதிர விரல் பின்னாடி நடுவிரலும் ஆள்காட்டி விரலும் முட்டு குடுக்கணும், தள்ளறது விரல் இல்ல, மணிக்கட்டு, கதவுக் குமிழ திருகற மாதிரி. மேல போய் சேந்தப்புறம் ஒரு கணம் சும்மா நில்லுங்க, அதுக்கப்புறம் வைப்ரேட்டோ. போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ஆட்டினா அது தப்ப மறைக்கற ஆட்டம், கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும்.

தந்தியும்தாளமும்
இன்னொண்ணு, ஒரே டேக்ல முழு சோலோவும் வரணும்னு இருக்காதீங்க. காம்ஃபர்டப்ளி நம் சோலோவ பிங்க் ஃப்ளாய்ட் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் அஞ்சாறு தடவ வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிட்டு, எது எதுல எந்த வரி நல்லா இருக்குன்னு காகிதத்துல குறிச்சு, நல்லதெல்லாம் கோத்து ஒண்ணாக்கினாரு. நீங்க வாசிக்கற ஹோட்டல் கலிஃபோர்னியாவே எடுத்துக்கங்க, 1976 ஆல்பம், கடைசில ரெண்டு நிமிஷத்துக்கு மேல ரெண்டு கிட்டார் மாத்தி மாத்தி பேசுதே, ஈகிள்ஸ் கிட்டாரிஸ்ட் டான் ஃபெல்டர் அத மாலிபுல வீட்ல போட்ட டெமோலயே கட்டி வெச்சிருந்தாரு. அப்புறம் மயாமி ஸ்டூடியோல அவரும் ஜோ வால்ஷும் புதுசா ஏதோ வாசிக்க ஆரம்பிச்சதும் பாட்டப் பாடின டான் ஹென்லி நிறுத்தி, டெமோல இருந்த மாதிரியே வேணும்னு நின்னுட்டாரு. ஃபெல்டர் வீட்டுக்கு ஃபோன் போட்டு, வீட்டு வேலை பாத்தவங்கள விட்டு அந்த கேசட்ட ஃபோன்கிட்ட ஓட விடச் சொல்லிக் கேட்டுத்தான் திரும்பப் படிச்சாரு. எழுதி வெச்ச பாட்டு வரி மாதிரி அதுல ஒரு நோட் கூட மாறக் கூடாதுன்னு நினைச்சிருக்காங்க. நீங்களும் தினம் நாலு டேக் எடுங்க, புடிச்ச வரிய மட்டும் வெச்சுக்கங்க, மிச்சத்த அழிச்சுடுங்க.

ரிதம்கை
ரெண்டு வாரம் ஆச்சு, சொல்லாம இருக்க முடியல. எட்டு கார்டுக்கும் ஒரு மெட்டு நின்னுடுச்சு. மொத்தமே இருபத்தி சொச்சம் நோட்தான், முன்னாடி ஒரு கார்டுக்கே அவ்வளவு அடிப்பேன். நேத்து வாசிச்சுட்டு எந்திரிச்சா அடுப்படில அக்கா அத முணுமுணுக்கறா, எங்க கேட்டன்னு கேட்டா நீதானே காலைல இருந்து வாசிக்கறன்னாங்க. ஒரே ஒரு சந்தேகம், கடைசி எஃப் ஷார்ப் செவன்ல 7வது ஃப்ரெட்ல நிக்கறது சரியாத்தான் கேக்குது, ஆனா ரவுண்டு முடிஞ்ச மாதிரி ஆகிடுது, அடுத்த ரவுண்டுக்கு இழுத்துட்டுப் போற மாதிரி இல்ல.

பழையகேசட்
7ல நின்னா அது அந்த கார்டோட வேர், எஃப் ஷார்ப் நோட், கால நீட்டி உக்காந்துடும். அதே தந்தில 11க்குப் போங்க, ஏ ஷார்ப். அது ஒரு இடத்துல உக்காராத நோட், பிக்கு போகணும்னு தவிக்கும். கார்ட் முழுக்க அங்கயே நில்லுங்க, கை பரபரக்கும், நகராதீங்க. பி மைனர் விழற அந்த அடில 12.

ரிதம்கை
இப்பதான் வாசிச்சேன் அண்ணா. 11ல நின்னு 12 விழுந்ததும் திரும்ப முதல் ஃப்ரேஸ் தானா வந்துடுச்சு.