டீசல் வண்டியில் புளோ ஆஃப் வால்வு மாட்டியவர்கள் யாராவது உண்டா? என் அனுபவம் இது

கேட்டடி லோடு:

நீடாமங்கலம் ரயில்வே கேட் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன தை மாதம் சம்பா நெல் ஏற்றிக்கொண்டு மன்னார்குடிப் பக்கமிருந்து வருகிறேன், கண்ணெதிரே கேட் விழுகிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, காலை எடுத்ததும் காற்றை வெளியே விடும் வால்வு இது, மாட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது. வரிசையில் கொஞ்சம் இடம் தெரிந்ததால் ஒரு மிதி மிதித்துக் காலை எடுத்தேன். புஸ்ஸ்ஸ்!

இடது பக்கம் வேகவைத்த கடலை விற்கும் அம்மா ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வால்வின் வாய் சரியாக அவர் பக்கம். தட்டு கையிலிருந்து நழுவிக் கடலை முழுக்க ரோட்டில். அவர் கடலையைப் பார்க்கவில்லை. குனிந்து என் முன் சக்கரத்தைப் பார்க்கிறார். "டயரு போச்சா தம்பி?"

அது சும்மா சத்தத்துக்காக மாட்டியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கி டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல நடித்தேன். கடலைக்கு என்று 200 ரூபாய் நீட்டினால், "டயருக்கு ஆவும், வச்சுக்க" என்று வாங்கவே இல்லை.

விற்றவர் டர்போவுக்கு இது பாதுகாப்பு என்றுதான் சொன்னார். நிஜமா?

வைக்கோல் லோடு:

பாதுகாப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் மாட்டியது கம்ப்யூட்டர் இல்லாத பழைய டீசல் பம்பு வண்டியில். கிளீனர் பையன் ஆசைப்பட்டான், அதற்காகத்தான். திருவையாறு தாண்டி ஒரு ஏற்றம், பாலம்தான், நமக்கு ஏது மலை? மூன்றாவது கியரிலிருந்து நான்கு போடக் காலை எடுத்தேன், காற்று முழுக்க வெளியே போனது. மறுபடி மிதித்ததும் டீசல் போகிறது, காற்று இன்னும் சேரவில்லை. கருப்புப் புகை கும்மென்று கிளம்பியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு பைக்கில் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை இரண்டு. அதில் ஒன்று கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் நம்பரைப் படித்தது. அன்று சாயந்திரமே கழற்றிவிட்டேன்.

மதகடி மெக்கானிக்:

வைக்கோல் அண்ணன் சொன்னது சரி. ஆனால் "ஒன்றும் இல்லை" என்று முடித்துவிட்டால் அடுத்தவன் மாட்டத்தான் செய்வான், காரணம் தெரிய வேண்டும்.

பெட்ரோல் டர்போ வண்டியில் காலை எடுத்ததும் காற்றுப் பாதையில் இருக்கும் த்ராட்டில் தகடு மூடிக்கொள்ளும். டர்போ அந்த நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்கூடச் சுற்றிக்கொண்டிருக்கும். அது தள்ளிய காற்று மூடிய தகட்டில் மோதித் திரும்பி வந்து, காற்றைத் தள்ளும் கம்பிரசர் சக்கரத்தையே அடிக்கும். அதை வெளியே விடத்தான் வால்வு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடும்போது மதகைத் திடீரென்று இறக்கினால் தண்ணீர் எதிர்த்து ஏறிக் கரையைத் தாண்டும் இல்லையா, அதே கதை.

டீசலில் வேகத்தைக் கட்டுப்படுத்த மதகே கிடையாது. காலை எடுத்தால் டீசல் மட்டும்தான் குறைகிறது. காற்றுக்குப் போகிற வழி திறந்தே இருக்கிறது, எஞ்சின் அதைக் குடித்துவிடும். அதனால்தான் டீசலுக்கென்று விற்கும் செட்டில் பெடலடியில் ஒரு சுவிட்சும் ஒரு சொலினாய்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். தானாகத் திறக்க அங்கே காரணம் இல்லாததால் கரண்டு கொடுத்துத் திறக்கிறார்கள். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

என் பட்டறைக்கு ஒரு பிக்கப் வந்தது. ஓனர் வால்வை மாட்டி ஒரு மாதம், வண்டி இழுக்கவில்லை என்றார். சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். வால்வு மூடிய நிலையிலேயே விளிம்பில் நுரை பூத்துக்கொண்டிருந்தது, பச்சைக் குழந்தை வாயில் எச்சில் குமிழி விடுவதுபோல. டர்போ தள்ளின காற்றில் ஒரு பங்கு ஊருக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கொள்ளிடக்கரை:

மெக்கானிக் அண்ணே, புதுப் புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டியில் காற்றுப் பாதையில் தகடு இருக்கிறதே? நானே பார்த்தேன். அப்புறம் என் வண்டியில் கம்பெனியே டர்போ மேல் ஒரு வால்வு வைத்துக் கொடுத்திருக்கிறது. தேவையில்லாமலா வைப்பார்கள்?

மதகடி மெக்கானிக்:

தம்பி, டர்போ மேல் இருப்பது வேஸ்ட்கேட். அது புகைப் பக்கம். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், அதிகமானால் எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை டர்போவைச் சுழற்றும் டர்பைன் சக்கரத்துக்குப் போகாமல் பக்கவழியாகத் திருப்பிவிடும். இது வேறு, அது வேறு. பிஎஸ்6 தகடு இருப்பது உண்மை. அது, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆருக்கும், புகை வடிகட்டியைச் சூடாக்கவும், எஞ்சினை நிறுத்தும்போது உதறாமல் இருக்கவும். கம்ப்யூட்டர்தான் அதை ஆட்டுகிறது, உன் கால் இல்லை. அந்த வண்டியில் நீ வெளியிலிருந்து காற்றைத் திறந்துவிட்டால் சென்சார் பூஸ்ட் குறைகிறது என்று சொல்லும், மீட்டரில் லைட் எரியும், வண்டி பவரைக் குறைத்துக்கொள்ளும். பிஎஸ்6 தொடங்கிய 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டி என்றால் கையே வைக்காதே.

பாபநாசம் பழசு:

எனக்கும் ஒரு அனுபவம், சின்னதுதான். டர்போ போயிருக்கிறது எனக்கு. அறுவடை நேரம், இரவு பகலாகக் கொள்முதல் நிலையத்துக்கும் குடோனுக்கும் ஓட்டம். ஒரு நாள் விசில் சத்தம், மறுநாள் நீலப் புகை, மூன்றாம் நாள் வண்டி பட்டறையில். கழற்றிக் கையில் கொடுத்தார்கள், தண்டு மேலும் கீழும் ஆடியது.

ஆகவே சொல்கிறேன், வால்வை விடுங்கள், இதைக் கவனியுங்கள். ஓடி வந்த வண்டியை உடனே அணைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போ தண்டு ஆயிலில்தான் மிதக்கிறது, சூட்டோடு ஆயிலை நிறுத்தினால் அங்கேயே கருகிக் கரியாகப் படியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவும் கூடாது, ஆயில் மேலே ஏறட்டும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள். ஏர் ஃபில்டர் விஷயம் இன்னும் முக்கியம். நம் ஊரில் அறுவடை மெஷின் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் பதரும் தூசியும் அரை நாளில் அடைத்துவிடும். காற்றடிக்கும்போது உள்ளேயிருந்து வெளியே அடிக்க வேண்டும், வெளியேயிருந்து அடித்தால் தூசி பேப்பருக்குள்ளேயே குத்தி நிற்கும். தரையில் தட்டித் தட்டிச் சுத்தம் செய்யும் பையன்கள் இருக்கிறார்கள், விளிம்பு நசுங்கினால் தூசி நேராக டர்போவுக்குத்தான். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றையும் மாதம் ஒரு தடவை கையால் அசைத்துப் பாருங்கள். எலி கடிக்கும், அதையும் பாருங்கள், நெல் லோடு வண்டி என்றால் எலிக்குச் சொந்த வீடு மாதிரி.

கேட்டடி லோடு:

அய்யா, நான் கேட்டது வால்வு. ஃபில்டர் நான் ஒழுங்காகத்தான் அடிக்கிறேன்.

குடந்தை பைபாஸ்:

எல்லோரும் ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள்? சத்தம் பிடித்திருக்கிறது, மாட்டினேன். அவ்வளவுதான். பாதுகாப்பு, பிக்கப், மைலேஜ் என்று எவன் சொன்னாலும் நம்ப வேண்டாம், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வரும்போது அந்தப் 'புஸ்'தான் எனக்குத் துணை. ஒரே ஒரு தடவை செக்கிங்கில் நிறுத்தினார்கள். பானெட்டைத் திறக்கச் சொன்னவர், இது எதற்கு என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தைச் சொல்லி எச்சரித்து அனுப்பினார். நல்ல மனுஷர்.

வைக்கோல் லோடு:

பைபாஸ் தம்பி, லாரியில் ஏற்கெனவே புஸ் இருக்கிறது. ஏர் பிரேக் டேங்க் நிறைந்ததும் ஏர் டிரையர் ஈரத்தை வெளியே தள்ளும், காது கொடுத்துக் கேள். என் கிளீனர் பையன் வால்வைக் கழற்றிய பிறகும் ஒரு வாரம் "பார்த்தீங்களாண்ணே, டர்போ சத்தம்" என்று சந்தோஷமாக இருந்தான். நான் சொல்லவே இல்லை.

கேட்டடி லோடு:

சரி, கழற்றிவிட்டேன். பழைய பைப்பையே திரும்ப மாட்டியாயிற்று, இழுவையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நேற்று அதே கேட்டில் அரை மணி நேரம். அந்த அம்மா வண்டியை அடையாளம் வைத்திருக்கிறார். நேராக வந்து முன் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "புதுசு போட்டாச்சா?" என்றார். போட்டாச்சும்மா என்றேன். நாலு பொட்டலம் வாங்கினேன், மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

கொள்ளிடக்கரை:

அண்ணே, கழற்றின வால்வு கொடுப்பீங்களா? என்ன விலை?