உதவி தேவை: ஆங்கிலப் பக்கம் சரி, தமிழ்ப் பக்கம் மட்டும் நெரிகிறது. எங்கே பிழை?

மழைத்துளி:
வணக்கம். டிசைன் படிக்கத் தொடங்கி மூன்று மாதம்தான். கொழும்பு வெள்ளவத்தையில் மாமாவின் சோட் ஈட்ஸ் (சிற்றுண்டி) கடைக்கு ஓடர் எடுக்கும் பக்கம் ஒன்று செய்கிறேன், மூன்று மொழியிலும். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் ஆங்கிலத்தில் வரைந்தேன், கூடப் படிக்கிற ஒருவர் கோட் எழுதித் தந்தார். ஆங்கிலத்தில் பார்க்க வடிவாக இருக்கிறது. தமிழுக்கு மாற்றினால் எல்லாம் நெரிபடுகிறது. மாமா போனில் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, எதை முதல் பார்க்கிறதென்றே தெரியேல்லையே" என்றார்.

விபரம்: எழுத்துரு பொப்பின்ஸ். பெயர் 16, விலை 16, விளக்கம் 15, எல்லாமே அரைத்தடிப்பு. வரி உயரம் எழுத்தளவின் 1.2 மடங்கு. விளக்கம் இளஞ்சாம்பல், நிறக் குறியீடு 999999. பொத்தான் செம்மஞ்சள், அதில் வெள்ளை எழுத்து. இடைவெளி எல்லா இடத்திலும் 8. கலரை நாலு தரம் மாற்றிவிட்டேன், ஒன்றும் சரிவரவில்லை.

நீலக்கோடு:
ஒவ்வொரு சாப்பாட்டையும் தனித்தனிப் பெட்டிக்குள் போட்டுப் பார்த்தீர்களா? பிரிந்து தெரியும்.

மழைத்துளி:
போட்டேன் அண்ணா. இருபத்திரண்டு பெட்டி வந்தது, நெரிசல் இன்னும் கூடிவிட்டது.

அச்சுமை:
கலரையும் பெட்டியையும் கொஞ்சம் விடுங்கள், தங்கச்சி. மாமாவின் போனில் "பருப்பு வடை", "மீன் பணிஸ்" என்ற இரண்டு வரிகளையும் பெரிதாக்கி, எப்படித் தெரிகிறதென்று அப்படியே எழுதுங்கள். லப்டொப்பில் பார்த்துச் சொல்ல வேண்டாம்.

மழைத்துளி:
அண்ணா, "பருப்பு" என்பதில் கடைசி எழுத்தின் கால் வெட்டுப்பட்டிருக்கிறது. "மீன்" என்பதில் மேலே சுழியைக் காணவில்லை, "மின் பணிஸ்" என்றுதான் வாசிக்க வருகிறது. இன்னொன்று, எழுத்தின் வடிவமே லப்டொப்பில் வேறு, போனில் வேறு.

அச்சுமை:
அப்போ விளங்கிவிட்டது. பல பிழைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அதனால்தான் ஒன்றை மட்டும் திருத்தினால் எதுவும் மாறாத மாதிரித் தெரிகிறது.

முதலில் எழுத்துரு. பொப்பின்ஸில் தமிழே கிடையாது, லத்தீனும் தேவநாகரியும்தான். தமிழ் வந்ததும் பிரவுசர் அந்தந்தக் கருவியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும், விண்டோஸில் நிர்மலா, பெரும்பாலான அண்ட்ரொய்டில் நோட்டோ. நீங்கள் பார்த்தது ஒன்று, மாமா பார்த்தது இன்னொன்று. நோட்டோ சான்ஸ் தமிழைப் பக்கத்தோடு சேர்த்தே ஏற்றுங்கள். அந்தக் குடும்பத்தில் சிங்களமும் ஆங்கிலமும் இருப்பதால் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்.

அடுத்தது வரி உயரம். 1.2 ஆங்கிலத்துக்குக் காணும். நமக்கு மேலே சுழியும் புள்ளியும், கீழே காலும் இருக்கின்றன. 1.5, 1.6 வரை கொடுங்கள். கால் போனால் பு, ப ஆகிவிடும். சுழி போனால் மீ, மி ஆகிவிடும். சாப்பாட்டின் பெயரே பிழையாகிற விஷயம் இது, அழகு அதற்குப் பிறகுதான்.

இனி மாமா கேட்ட கேள்வி. காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கவனியுங்கள். தூரத்தில் கண்ணில் படுவது 100 என்ற இலக்கம். கிட்ட வந்ததும் பாணந்துறை, புறக்கோட்டை. ஏறப்போகும்போதுதான் மற்ற ஊர்களை வாசிப்போம். அந்த ஒழுங்கை அளவுதான் தீர்மானிக்கிறது. உங்கள் பக்கத்தில் பெயர், விலை, விளக்கம் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே தடிப்பு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தோ சாய்வெழுத்தோ போட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டலாம். தமிழில் பெரிய எழுத்து இல்லை, சாய்த்தாலும் ஒட்டாது. எழுத்துகளை இடைவெளி விட்டுப் பரப்பினால் ஒற்றைக்கொம்பு எந்த எழுத்துக்குரியது என்று கண் தேடும். நம்மிடம் மிஞ்சுவது அளவு, தடிப்பு, நிறம், வெற்றிடம். பெயர் 18 தடிப்பு, விலை 18 சாதாரணம், விளக்கம் 14 சாதாரணம் என்று வைத்துப் பாருங்கள்.

வெற்றிடம்தான் நீங்கள் இன்னும் தொடாத இடம். எல்லாம் 8 என்றால் நடுவில் இருக்கும் விளக்கம் மேலே உள்ள வடைக்கா, கீழே உள்ள பணிஸுக்கா என்று எப்படித் தெரியும்? பெயருக்கும் விளக்கத்துக்கும் இடையில் 4, ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 20 விடுங்கள். பெட்டி எதுவும் தேவைப்படாது. கிட்ட இருப்பவற்றைக் கண் ஒரு கூட்டமாகத்தான் எடுக்கும். மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1923இலேயே வெறும் புள்ளிகளை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்.

நான் புறக்கோட்டையில் ஒரு அச்சகத்தில் வேலை பழகியவன். கல்யாணக் காட் அடுக்கி முடிந்ததும் முதலாளி அதைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். மணமக்கள் பெயரும் திகதியும் தெரியாவிட்டால் திரும்ப அடுக்க வேண்டியதுதான். உங்கள் பக்கத்தையும் அப்படியே பாருங்கள்.

கோட்வேலை:
வெட்டுப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கும். பெயர் வரிக்கு 20 என்று நிலையான உயரம் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வரி உயரத்தைக் கூட்டினாலும் கால் வெட்டுப்படும். பொத்தான் அகலமும் அப்படித்தான். உள்ளே சொல்லைச் சுற்றி இடம் விட்டு, அகலத்தைச் சொல்லே தீர்மானிக்க விடுங்கள்.

மழைத்துளி:
எல்லாம் செய்தேன். "பருப்பு வடை" முழுதாக வந்துவிட்டது! பொத்தானைப் பற்றிச் சொன்னதும் சரிதான். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துச் சொல்லுக்கு வரைந்த பெட்டி, "ஓடர் செய்யுங்கள்" அதற்குள் இரண்டு வரியாக உடைந்து கிடந்தது. ஆனால் கடை வாசலில் வெயிலில் நின்று பார்த்தால் விளக்கமும் பொத்தானும் மங்கலாகத் தெரிகின்றன.

நீலக்கோடு:
கலரில் பார்க்க வேண்டியது இதைத்தான். வெள்ளையில் 999999 போட்டால், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 2.85 தான் வரும். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. விதி, அதாவது இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாக்கும் வழிகாட்டி. 767676 அதை மயிரிழையில் தாண்டும், நீங்கள் 595959 எடுங்கள். செம்மஞ்சள் பொத்தானில் வெள்ளை எழுத்து வேண்டாம், கறுப்புப் போடுங்கள். அப்புறம் கூட்டல், கழித்தல் பொத்தான்கள் என்ன அளவு?

மழைத்துளி:
24.

நீலக்கோடு:
எண்ணெய்க் கையோடு தொடுகிற இடம். தொடும் இடம் குறைந்தது 44 என்று ஆப்பிள் சொல்கிறது, கூகுள் 48. 48 வையுங்கள். அடையாளம் சின்னதாகவே இருக்கட்டும், தொடும் இடம் பெரிதானால் போதும்.

மழைத்துளி:
சரி அண்ணா, மாற்றுகிறேன். அடுத்து சிங்களப் பக்கம். அதற்கு எந்த வரி உயரத்தில் தொடங்குவது?

அச்சுமை:
அதிலும் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் குறிகள் வரும். 1.6இல் தொடங்குங்கள். ஆனால் இனி ஆங்கிலத்தில் வரைந்துவிட்டு மாற்ற வேண்டாம். ஒவ்வொரு பொத்தானுக்கும் மூன்று மொழிச் சொல்லையும் எழுதி, எது நீளமோ அதை வைத்து வரையுங்கள். சிங்களம் வாசிக்கிற ஒருவரிடம், அவருடைய போனிலேயே, பெயர்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.