மும்பை லோக்கல் ரயிலில் பஜனை: பக்தியா, தொல்லையா?

டோம்பிவிலி வாசி:
தினமும் காலையில் விரைவு லோக்கலில் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே போகிறேன். எங்கள் பெட்டியில் ஒரு பஜனைக் குழு இருக்கிறது. தாணே வருவதற்குள் ஜால்ரா உச்சத்துக்குப் போய்விடும். போதாததற்குப் பெட்டியின் தகரச் சுவரிலும் தாளம். பாட்டு வேண்டாம் என்பவன் எங்கே போவான்? தடை செய்தால்தான் சரி.

மாட்டுங்கா மாமி:
தம்பி, பாடுகிறவர்கள் யார் என்று பார்த்தீர்களா? குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும்தான். அவர்கள் பாடும் அபங்கங்களை, அதாவது மராத்தி பக்திப் பாடல்களை, தந்த அடியார்களும் அப்படித்தான். சாவதா மாளி தோட்டக்காரர், கோரா கும்பார் குயவர். அடியார் நாமதேவர் வீட்டில் வேலை செய்த ஜனாபாய், திரிகையில் மாவரைத்தபடியே பண்டரிபுரத்து விட்டலனைப் பாடினார். சொக்காமேளாவைத் தாழ்ந்த சாதி என்று கோயிலுக்குள்ளேயே விடவில்லை. அவருக்குப் பாட்டுதான் சன்னிதி. பூஜையறையில் உட்கார நேரமில்லாதவர்கள் ரயிலில் பாடாமல் வேறு எங்கே பாடுவார்கள்?

டோம்பிவிலி வாசி:
ஜனாபாய் தம் திரிகைக்கு முன்னால் பாடினார். பிறர் காதருகே ஜால்ரா தட்டவில்லை.

செம்பூர் ரசிகன்:
அபங்கம் நமக்கு அந்நியமில்லை ஐயா. 1676 முதல் தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில் அந்த மரபு காவிரிக் கரைக்கு வந்தது. மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்த பஜனை முறையில் இன்றும் அபங்கம் பாடுகிறார்கள். மும்பையில் வளர்ந்த கர்நாடக இசைப் பாடகி அருணா சாயிராம் அதைக் கச்சேரி மேடைக்கே கொண்டுபோனார்.

டோம்பிவிலி வாசி:
வரலாறு இனிக்கிறது. தலைவலி போகவில்லையே!

தாராவி நண்பன்:
நான் கிறிஸ்தவன். புதன்கிழமை மாகிம் தேவாலயத்தில் சகாய மாதா நவநாளுக்குப் போய்த் தொண்டை வற்றப் பாடுகிறேன். பாட்டில்லாத ஜெபம் எனக்கு ஒட்டுவதில்லை. ஆனால் அங்கே நானாக விரும்பிப் போகிறேன். நாளைக்கு நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ரயிலில் மாதா பாட்டுப் பாடினால் இந்தப் பெட்டி பொறுத்துக்கொள்ளுமா?

மாட்டுங்கா மாமி:
பொறுக்கத்தான் வேண்டும். பொறுக்காவிட்டால் உங்கள் பக்கம் நின்று சண்டை போடுகிறேன். மாலையில் மகளிர் பெட்டிக்கு வந்து பாருங்கள். மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆளாகப் பாதி உடம்பை ஒட்டிக்கொண்டு, மடியில் பையை விரித்துப் பட்டாணி உரிப்பார்கள். யாராவது ஒருத்தி முணுமுணுப்பாள். குர்லா வருவதற்குள் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். எனக்கு மராத்தியில் பாதி வரி தெரியாது. விட்டலா என்று வருமிடத்தில் சேர்ந்துகொள்வேன். வீட்டுக்குப் போனால் சமையல், பாத்திரம், பேரனின் வீட்டுப்பாடம். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் நான் யாரிடமாவது எரிந்து விழுவேன்.

டோம்பிவிலி வாசி:
ஜால்ரா இல்லாத பாட்டுக்கு நானும் எதிரியில்லை. ஆனால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145ஆவது பிரிவு தொல்லை கொடுப்பதைக் குற்றம் என்கிறது.

மாட்டுங்கா மாமி:
அப்படியானால் கைபேசியில் சத்தமாக நாடகம் பார்க்கிறவர்கள்மீது முதலில் புகார் கொடுங்கள். ஜால்ராவைக் குறைக்கச் சொல்லி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

டோம்பிவிலி வாசி:
கேட்டேன். பிரசாதம் என்று கையில் கல்கண்டு கொடுத்தார்கள். ஜால்ரா குறையவில்லை.