ஃபெடோராவில் ஐபோன் வீடியோ கருப்பாக வருகிறது, சில டபிள்யூஎம்ஏ பாடல்கள் ஓடவில்லை: எதை நிறுவுவது?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. என் மடிக்கணினியில் இருப்பது இன்டெலின் ஆறாம் தலைமுறைச் செயலி என்பதால் விண்டோஸ் 11 அதை ஏற்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் இயக்குதளங்களில் ஒன்றான ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனை நிறுவினேன். இணையம், அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு எல்லாமே தொந்தரவில்லாமல் வேலை செய்கின்றன. ஒலி, ஒளிக் கோப்புகளில்தான் சிக்கல்.

தங்கையின் வளைகாப்பை உறவினர் ஒருவர் ஐபோனில் 4கே தரத்தில் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கோப்பைத் திறந்தால் பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்கின்றன, திரையோ கருப்பாகவே இருக்கிறது. எச்.265 என்ற வீடியோ சுருக்க வடிவத்தைப் படிக்கும் டீகோடர் தேவை என்றும் அது நிறுவப்படவில்லை என்றும் ஒரு செய்தி வருகிறது. விஎல்சி பிளேயர் எதையும் ஓட்டும் என்று பலரும் சொன்னதால், ஃபெடோராவின் நிறுவல் கட்டளையான டிஎன்எஃப் வழியாக அதையும் நிறுவிப் பார்த்தேன், மாற்றமில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் குறுந்தட்டுகளிலிருந்து விண்டோஸ் மீடியா பிளேயர் மூலம் ஏற்றிய டபிள்யூஎம்ஏ பாடல்களும் ஒரு பெரிய கோப்புறை நிறைய இருக்கின்றன. அவற்றில் சில பாடுகின்றன, சில பாடவில்லை. எங்கள் கல்யாண டிவிடி ஓடுகிறது, ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்கிய திரைப்பட டிவிடி ஓடவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதானா? எதை நிறுவ வேண்டும், அதைச் சட்டப்படி நிறுவலாமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஏதாவது ஒரு கட்டற்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி ஒரேயடியாகத் தீருமா என்பதும் என் கேள்வி.

பதில்: நொய்யல்

சுருக்கமான வழி வேண்டுமென்றால், இப்போதிருக்கும் விஎல்சியை நீக்கிவிட்டு, ஃப்ளாட்பேக் என்ற வகைத் தொகுப்புகள் கிடைக்கும் தளமான ஃப்ளாட்ஹப்பிலிருந்து விஎல்சியை நிறுவுங்கள். டிஎன்எஃப் வழியாக வந்த விஎல்சி, ஒலி, ஒளிக் கோப்புகளைப் படிக்க ஃபெடோரா தன் மென்பொருள் களஞ்சியத்தில் வைத்திருக்கும் குறைக்கப்பட்ட எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையே நம்பியிருக்கிறது. ஃப்ளாட்ஹப்பில் இருப்பதற்கு அந்தக் குறை கிடையாது. மென்பொருள் கடையில் தேடும்போது, ஒரே பெயரில் ஃபெடோராவின் சொந்த ஃப்ளாட்பேக்கும் ஃப்ளாட்ஹப்பின் ஃப்ளாட்பேக்கும் வரக்கூடும். ஆகவே, எந்த மூலத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பதில்: கட்டளைவரி

நொய்யல் சொன்னது வேலை செய்யும். ஆனால் விஎல்சிக்கு மட்டும்தான். ஃபயர்ஃபாக்ஸ், கோப்பு மேலாளரின் முன்னோட்டப் படங்கள், வீடியோ தொகுக்கும் மென்பொருள்கள் ஆகியவை கணினியில் உள்ள நூலகத்தைத் தேடுபவை. அவற்றின் குறை அப்படியே இருக்கும். எனவே நூலகத்தையே மாற்றுவதுதான் முறை.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எஃப்எஃப்எம்பெக் 2000-ஆம் ஆண்டில் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். எச்.264, எச்.265 இரண்டையும் அது நன்றாகவே படிக்கும். ஆகவே இந்த வடிவங்களைப் படிக்கக் கட்டற்ற நிரல் இல்லை என்பதல்ல சிக்கல். ஃபெடோராவின் புரவலரான ரெட்ஹேட் அமெரிக்க நிறுவனம். அங்கே மென்பொருள் முறைகளுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) உண்டு என்பதால், வழக்குக்கு இடம் தரக்கூடிய பகுதிகளை நீக்கிவிட்டுத்தான் ஃபெடோரா அந்த நூலகத்தை வெளியிடுகிறது. ஃபெடோரா 36 முதல் எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ என்ற பெயரில் வரும் தொகுப்பு அதுதான். 2022-இல் மீசா வரைகலை இயக்கிகளிலும் எச்.264, எச்.265, விசி-1 ஆகியவற்றுக்கான வன்பொருள் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். ஏஎம்டி வரைகலை வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய அடியாக இருந்தது. உங்களுடையது இன்டெல் என்பதால் அந்தக் கதை உங்களுக்கு வேண்டாம்.

காப்புரிமை காலாவதியானதும் இதே ஃபெடோரா தயங்காமல் கதவைத் திறக்கிறது. எம்பி3 பாடல்களை ஓட்டும் வசதி 2016 நவம்பரில்தான் ஃபெடோராவில் சேர்ந்தது. 2017 ஏப்ரல் 23 அன்று எம்பி3 உரிமத் திட்டமே முடித்துக்கொள்ளப்பட்ட பிறகு, எம்பி3 கோப்புகளை உருவாக்கும் வசதியும் வந்தது. டிவிடிகளில் உள்ள எம்பெக்-2 வடிவத்தின் அமெரிக்கக் காப்புரிமைகள் 2018 பிப்ரவரியில் முடிந்தன. உங்கள் கல்யாண டிவிடி எதையும் நிறுவாமலே ஓடுவதற்கு அதுதான் காரணம். ஐபோன் வீடியோவில் ஒலி மட்டும் வருவதும் இதே கதைதான். அதன் ஒலி ஏஏசி, அதைப் படிக்கும் டீகோடர் ஃபெடோராவிலேயே இருக்கிறது. படம் எச்.265, அதற்குரியது இல்லை.

எல்லா லினக்ஸ் வழங்கல்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் முழு எஃப்எஃப்எம்பெக்கே கிடைக்கும். உபுண்டுவில் நிறுவும்போதே மூன்றாம் தரப்பு மென்பொருள்கள் வேண்டுமா என்று கேட்பார்கள், பிறகு உபுண்டு ரெஸ்டிரிக்டட் எக்ஸ்ட்ராஸ் என்ற ஒற்றைத் தொகுப்பில் பெரும்பாலான தேவை முடிந்துவிடும். ஃபெடோராவின் கண்டிப்பு எனக்குச் சில நேரம் எரிச்சலூட்டுவதுண்டு. ஆயினும் எது எதற்காக இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால் ஏமாற்றம் குறைவு.

இனிச் செய்ய வேண்டியது. ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற புறக்களஞ்சியத்தின் தளத்துக்குப் போய், உங்கள் ஃபெடோரா பதிப்புக்கு உரிய ஃப்ரீ, நான்ஃப்ரீ ஆகிய இரண்டு இணைப்புத் தொகுப்புகளையும் நிறுவுங்கள். அடுத்து டிஎன்எஃப் கட்டளையின் ஸ்வாப் வசதியால் எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீயை எடுத்துவிட்டு முழு எஃப்எஃப்எம்பெக்கை வையுங்கள். அப்போது அலவ்-இரேசிங் என்ற விருப்பத்தையும் சேர்த்தால்தான் முரண்படும் பழைய நூலகங்கள் விலகி வழிவிடும், இல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். பிறகு மல்டிமீடியா என்ற தொகுப்புக் குழுவைப் புதுப்பியுங்கள். ஃபெடோராவின் திரைச்சூழலான குனோமின் வீடியோ செயலி, ஜிஸ்ட்ரீமர் என்ற ஊடக நூலகத்தின் செருகுநிரல்களைச் சார்ந்தது, அவை இந்தப் படியில்தான் வந்து சேரும். கடைசியாக நான்ஃப்ரீ பகுதியில் உள்ள இன்டெல் மீடியா டிரைவரை நிறுவி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இதற்குப் பிறகும் ஓடாத கோப்பு இருந்தால், அதன் பெயரின் பின்னொட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எம்பி4, எம்கேவி, எம்ஓவி எல்லாம் வெறும் உறைகள்தான், உள்ளே என்ன கடிதம் இருக்கிறது என்பதை உறை சொல்லாது. டெர்மினலில் எஃப்எஃப்புரோப் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஸ்ட்ரீம் என்று தொடங்கும் வரிகளில் படத்தின் கோடெக்கும் (சுருக்க வடிவமும்) ஒலியின் கோடெக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். அவற்றை இங்கே பதியுங்கள்.

வைகைக்கரை

மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். வளைகாப்பு வீடியோவில் இப்போது படம் வருகிறது, ஆனால் விட்டுவிட்டு ஓடுகிறது, மின்விசிறியும் இரைகிறது. எஃப்எஃப்புரோப் காட்டும் படத்துக்கான வரியில் எச்இவிசி, மெயின் 10 என்றும், அளவு 3840 பெருக்கல் 2160 என்றும் இருக்கிறது. பாடாத டபிள்யூஎம்ஏ கோப்புகளைக் கொடுத்தால், டிஆர்எம் (நகல் தடுப்பு) பாதுகாப்பு கண்டறியப்பட்டது, டீகோட் செய்வது பெரும்பாலும் தோல்வியடையும் என்ற பொருளில் எச்சரிக்கை வருகிறது. திரைப்பட டிவிடி இன்னும் ஓடவில்லை.

பதில்: கட்டளைவரி

எச்இவிசி என்பது எச்.265-இன் மறுபெயர்தான். விட்டுவிட்டு ஓடுவதற்குக் காரணம் 10 பிட்டைக் குறிக்கும் அந்த மெயின் 10 என்ற சொல்தான். ஐபோன் 12 முதல், ஒளியையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் பதியும் எச்டிஆர் வீடியோவை 10 பிட் எச்.265-ஆகப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. இன்டெலின் ஆறாம் தலைமுறைச் செயலியில் எச்.265-க்கான வன்பொருள் உண்டு, ஆனால் அது 8 பிட் வரைதான். 10 பிட்டை வன்பொருளே முழுமையாகப் படிப்பது ஏழாம் தலைமுறையிலிருந்துதான். விஏஇன்ஃபோ என்ற கட்டளையை இயக்கிப் பார்த்தால், எச்இவிசி மெயின் என்ற வரி இருக்கும், மெயின் 10 என்ற வரி இருக்காது. ஆகவே 4கே படம் முழுவதையும் செயலியே மென்பொருள் வழியாகக் கணக்கிட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது. இயக்குதளத்தை எத்தனை முறை மாற்றினாலும் இந்த எல்லை மாறாது.

கட்டற்ற வடிவத்துக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கும் வசதிக்காக ஒரு நகல் செய்துகொள்வதென்றால் உங்கள் கணினிக்கு நான் பரிந்துரைப்பது 1080 தரத்தில் 8 பிட் எச்.264. கட்டற்ற மென்பொருள் பேசும் இடத்தில் இதைச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். உரிமத்தொகை கேட்காத ஏவி1 வடிவம் 2018-இல் வந்தது, ஆனால் இன்டெல் செயலிகளில் அதைப் படிக்கும் வன்பொருள் பதினொன்றாம் தலைமுறையில்தான் சேர்ந்தது. உங்கள் கணினியில் ஏவி1-ஆக மாற்ற முயன்றால், மாற்றி முடிக்கவே வெகுநேரம் ஆகும், ஓட்டும்போதும் செயலிதான் உழைக்க வேண்டும். எச்.264-ஐ உங்கள் செயலி சிரமமின்றி வன்பொருளிலேயே படித்துவிடும்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். எச்டிஆர் படத்தைச் சாதாரண 8 பிட்டுக்குக் கொண்டுவரும்போது, ஒளி, நிற அளவுகளைச் சாதாரணத் திரைக்கு ஏற்பச் சுருக்கும் டோன் மேப்பிங் செய்யாவிட்டால், பட்டுப்புடவையின் அரக்கு நிறம் சாயம் போனதுபோல வெளிறித் தெரியும். எந்த நிலையிலும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். இழப்புள்ள ஒரு வடிவத்திலிருந்து இழப்புள்ள இன்னொன்றுக்கு மாற்றும்போது தரம் குறையத்தான் செய்யும், திரும்பி வராது. இனி எடுக்கப்போகும் வீடியோக்களுக்கு, ஐபோனின் கேமரா அமைப்புகளில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிட்டு, ஃபார்மட்ஸ் பகுதியில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுக்கும்படி உறவினரிடம் சொல்லுங்கள். அப்போது எச்.264-ஆகவே பதிவாகும்.

பதில்: பழையவிசைப்பலகை

டிவிடியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் நான் சொல்கிறேன். கடையில் விற்கும் திரைப்பட டிவிடிகளில் பெரும்பாலானவை சிஎஸ்எஸ் என்ற மறையாக்கத்துடன் வருகின்றன. கல்யாண வீடியோ எடுப்பவர் தன் கணினியில் எழுதிக் கொடுக்கும் டிவிடியில் அது இருக்காது. ஆகவே உங்கள் இரண்டு டிவிடிகளின் கோடெக்கும் ஒன்றே, ஒன்றுக்கு மட்டும் பூட்டு இருக்கிறது. 1999-இல் அந்தப் பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் நிரல் வெளிவந்தது. அதற்காக நார்வேயில் வழக்குக்கு உள்ளான யோன் யோஹான்சன் 2003-இல் மேல்முறையீட்டிலும் விடுவிக்கப்பட்டார். அதே வேலையைச் செய்யும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் நூலகத்தை விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பே பராமரிக்கிறது. ஆர்பிஎம் ஃபியூஷனில் டெயின்டெட் என்று தனியாக ஒரு பகுதி உண்டு, அதைச் சேர்த்த பிறகுதான் இந்த நூலகம் கிடைக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, நான் வழக்கறிஞர் அல்ல, படித்தறிந்ததைச் சொல்கிறேன். இங்கே காப்புரிமையையும் (பேட்டன்ட்) பதிப்புரிமையையும் (காப்பிரைட்) ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எச்.265 விவகாரம் காப்புரிமை சார்ந்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலை மட்டுமே தனியாகக் கொண்டு காப்புரிமை பெற இடம் தருவதில்லை. அதனால் வீடியோ சுருக்க முறைகளுக்கு இந்தியாவில் காப்புரிமையே இல்லை என்று பொருள்கொள்ள வேண்டாம், பதிவானவை உண்டு. டிவிடியின் பூட்டோ பதிப்புரிமை சார்ந்தது. 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. நோக்கம் என்ற அந்தச் சொல் முக்கியமானது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஒரு நிபந்தனை வைக்காமல், பூட்டைத் திறப்பதையே தடுக்கிறது. வாங்கிய டிவிடியை வீட்டில் பார்ப்பதும் அதைப் படியெடுத்து விற்பதும் நம் பிரிவின்படி ஒன்றாகிவிடாது என்பது என் புரிதல்.

டபிள்யூஎம்ஏ பாடல்களில் உங்களுக்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் குறுந்தட்டிலிருந்து ஏற்றும்போது இசைக்கு நகல் பாதுகாப்பு இடும் ஒரு தேர்வுப்பெட்டி இருந்தது. அது குறியிடப்பட்டிருந்த காலத்தில் ஏற்றிய பாடல்கள்தான் இப்போது அடம்பிடிக்கின்றன, குறியில்லாமல் ஏற்றியவை பாடுகின்றன. பூட்டிய பாடலுக்கான உரிமம் அந்தப் பழைய கணினியோடு பிணைக்கப்பட்டிருக்கும் என்பதால், எந்தக் கோடெக்கை நிறுவியும் பயனில்லை. குறுந்தட்டுகள் பரணில் எங்காவது இருக்கின்றனவா என்று தேடுங்கள். கிடைத்தால் சவுண்ட் ஜூசர் அல்லது அசண்டர் மென்பொருளைக் கொண்டு, தரம் இழக்காத ஃபிளாக் வடிவில் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கைபேசிக்குச் சிறிய கோப்பு வேண்டுமென்றால் அந்த ஃபிளாக்கிலிருந்து ஓபஸ் என்ற சிறிய ஒலி வடிவில் நகல் எடுங்கள், பாடிக்கொண்டிருக்கும் டபிள்யூஎம்ஏவிலிருந்து எடுக்காதீர்கள்.

வைகைக்கரை

டெயின்டெட் பகுதியைச் சேர்த்ததும் திரைப்பட டிவிடி ஓடத் தொடங்கிவிட்டது. வளைகாப்பு வீடியோவுக்கு டோன் மேப்பிங்குடன் ஒரு 1080 நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன், மூலக் கோப்பு வெளி வட்டில் பத்திரமாக இருக்கிறது. குறுந்தட்டுகளில் பாதி அண்ணன் வீட்டில் இருக்கின்றன. கிடைப்பவற்றை ஃபிளாக்கில் ஏற்றிக்கொள்கிறேன்.