பூனைக்குத் திமிர் என்று எழுதிய கோவைக்காரருக்கு

மாடிவீட்டுக்காரி:
நேற்று கோவைக்காரர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அவருடைய மூன்று வயதுக் கடுவன் பத்து நாளாக, அது போவதற்கென்று மணல் போட்டு வைத்திருக்கும் லிட்டர் பாக்ஸை விட்டுவிட்டு அவர் தலையணையில் மூத்திரம் போகிறதாம். "இது திமிர். மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்து இரண்டு போட்டால் அடங்கும்" என்று முடித்திருந்தார். அதற்குப் பதினான்கு பேர் விருப்பம் வேறு.

2019இல் எங்கள் வீட்டுக் கடுவனும் இப்படித்தான் கால்மிதியில், துவைக்கப் போட்ட துணியில் என்று சொட்டுச் சொட்டாகப் போனான். சேட்டை என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாம் நாள் குந்திக் குந்தி உட்கார்ந்தான், ஒரு சொட்டும் வரவில்லை. கத்திக்கொண்டே அடியை நக்கினான். சிறுநீர்க் குழாய் அடைத்துவிட்டது. மயக்கம் கொடுத்து, ட்யூப் போட்டு எடுத்தார்கள். கடுவனுக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். முழுக்க அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஒன்றிரண்டு நாள்தான் கெடு. அந்த மூன்று நாளில் நான் அவனை அடித்திருந்தால் இன்று வரை என்னை மன்னித்திருக்க மாட்டேன்.

கோவைக்காரன்:
அக்கா, உங்கள் பூனைக்கு நோய் வந்தால் ஊரில் எல்லாப் பூனைக்கும் நோயா? என்னுடையது நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது. வீட்டில் ஆறு தலையணை இருக்கின்றன. மனைவி தலையணையில் போகவில்லை, பிள்ளைகள் தலையணையில் போகவில்லை. என் தலையணையில் மட்டும் ஏன்? மீன் தட்டிலிருந்து அதை விரட்டியது நான். அது ஞாபகம் வைத்திருக்கிறது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
ஒரு நிமிடம். அது உட்கார்ந்து போகிறதா, நின்றுகொண்டு தெளிக்கிறதா? வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு சுவரிலோ கதவிலோ பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை ஆபரேஷன் செய்தால் பத்துக் கடுவனில் ஏறக்குறைய ஒன்பதுக்கு அந்தப் பழக்கம் குறைந்துவிடும். உட்கார்ந்து போனால் கதை வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் எதைப் பேசுகிறோம்?

கோவைக்காரன்:
நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன? தலையணை என்னுடையது. ஆறில் என்னுடையது மட்டும்.

பழைய_வண்ணை:
கோவைக்காரர் சொல்வது சரி. எங்கள் ஆயா வீட்டில் எட்டுப் பூனை. லிட்டர் பாக்ஸும் கிடையாது, டாக்டரும் கிடையாது. தானாகக் கொல்லைக்குப் போய் மண்ணைப் பறித்து மூடிவிட்டு வரும். இப்போதுதான் பூனைக்கு மன உளைச்சல் அது இது என்று காசு பிடுங்குகிறார்கள்.

மாடிவீட்டுக்காரி:
உங்கள் ஆயா வீட்டுப் பூனைக்குக் கொல்லை முழுக்க மண் இருந்தது. பிடிக்காத இடத்தை விட்டு வேறு இடம் பறித்துக்கொண்டது. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கும் பூனைக்கு ஒரு பிளாஸ்டிக் டப். அதுவும் அழுக்காக இருந்தால் அது எங்கே போகும்? ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, இரண்டு பூனைக்கு மூன்று. பெட்டி பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். வாசனை போடாத மணல், தினமும் அள்ள வேண்டும். இது காசு பிடுங்கும் வேலை இல்லை.

தலையணைக்கு வருகிறேன். போகும்போது வலித்தால் பூனை அந்த வலியையும் பெட்டியையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளும். பெட்டியை ஒதுக்கிவிட்டு மெத்து மெத்தென்ற இடம் தேடும். ஒரு தரம் போன இடத்தில் வாசம் இருக்கும் வரை திரும்ப அங்கேதான் போகும். தம்பி, உறையை மட்டும் துவைத்தீர்களா, உள்ளே இருக்கும் பஞ்சையுமா?

கோவைக்காரன்:
அதை எப்படித் துவைப்பது? மற்றவர்களுடையது எல்லாம் கடையில் வாங்கிய ஃபோம். என்னுடையது எங்கள் அம்மா வீட்டில் மரத்திலிருந்து எடுத்து அடைத்த இலவம்பஞ்சு. இருபது வருடத் தலையணை. தண்ணீர் படக்கூடாது என்று வெயிலில் மட்டும் காயவைக்கிறேன். அறையைத் தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறோம், லிட்டர் பாக்ஸையும் பினாயிலில்தான் கழுவுகிறோம். வாசம் எங்கிருந்து வரும்?

மாடிவீட்டுக்காரி:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். பத்து நாள் மூத்திரம் அந்த இலவம்பஞ்சுக்குள்தான் இருக்கிறது. உங்கள் மூக்குக்குத் தெரியாது, அதற்குத் தெரியும்.

அப்புறம் அந்தப் பினாயிலை இன்றே நிறுத்துங்கள். கறுப்புப் பினாயிலில் ஃபீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றை முறிக்க மனிதக் கல்லீரலுக்கு முடிகிற அளவு பூனையின் கல்லீரலுக்கு முடியாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினால் நேராக உள்ளே போகும். மூத்திர வாசத்தை எடுக்க என்சைம் கலந்த திரவம் கிடைக்கிறது.

பழைய_வண்ணை:
முப்பது வருடமாக எங்கள் வீட்டில் பினாயில்தான். ஒரு பூனையும் சாகவில்லை. கோவைக்காரரே, டாக்டருக்கு அழ வேண்டாம். மெடிக்கலில் ஆன்டிபயாடிக்கும் காய்ச்சல் மாத்திரையும் வாங்கிப் பாதி கொடுங்கள், சரியாகிவிடும்.

மாடிவீட்டுக்காரி:
கொடுக்கவே கூடாது! பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை கொன்றுவிடும். ஆன்டிபயாடிக்கும் நாமாகக் கொடுப்பதில்லை. இளம் பூனைக்குப் பெரும்பாலும் கிருமியே இருக்காது. பயமும் பதற்றமும்கூடச் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். கல்லா, வீக்கமா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். தெரியாத விஷயத்தில் மருந்து சொல்லாதீர்கள். போன மாதம் நாய்க்குட்டிக்கு வேப்பெண்ணெய் புகட்டச் சொன்னவரும் நீங்கள்தான்.

பழைய_வண்ணை:
அந்தக் கதையை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? தடவத்தான் சொன்னேன், புகட்டச் சொல்லவில்லை. பழைய இழை அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியர்:
படிக்கவே கூச்சமாக இருக்கிறது. மூத்திரம் வடசொல். சிறுநீர் என்று எழுதலாமே. லிட்டர் பாக்ஸை மணற்பெட்டி என்றால் யாருக்குப் புரியாது?

பழைய_வண்ணை:
ஐயா, நாய் இழையிலும் "பிஸ்கட்" என்ற சொல்லுக்கு இரண்டு நாள் சண்டை போட்டீர்கள். எங்கள் வீட்டில் மூத்திரம் என்றுதான் சொல்வோம்.

செம்பருத்தி:
அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நிற்கிறதா, உட்காருகிறதா?

கோவைக்காரன்:
மாடிவீட்டு அக்கா எல்லாம் தெரிந்தவர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் நாள்? அன்று தலையணையில் ஒரு வாசமும் இல்லையே. ஆறும் சுத்தம்தான். அன்றைக்கே என் தலையணைக்கு ஏன் வந்தது? மீன் தட்டு விஷயம் நடந்த மறுநாள் அது. நான் இல்லாததைச் சொல்லவில்லை.

மாடிவீட்டுக்காரி:
முந்தின நாள் அதைக் கத்தி விரட்டியிருக்கிறீர்கள். பயந்துபோயிருக்கிறது என்று ஏன் தோன்றவில்லை? பதினேழு வருடமாகப் பூனை வளர்க்கிறேன், தெருப் பூனை, வீட்டுப் பூனை எல்லாம் பார்த்துவிட்டேன். பழி வாங்கத் தலையணை தேடும் பூனையை நான் பார்த்ததில்லை. வலியில் இடம் தேடும் பூனையைப் பார்த்திருக்கிறேன். அதன் மூக்கைத் தேய்த்தால் பெட்டிக்குத் திரும்பாது, உங்களைக் கண்டு ஒளிந்துகொண்டு இன்னும் மறைவான இடத்தில் போகும். அப்புறம் அது போகிறதா, அடைத்துக்கொண்டதா என்பதே உங்களுக்குத் தெரியாது.

கோவைக்காரன்:
விரட்டாமல் மீனைத் தட்டோடு கொடுக்கச் சொல்கிறீர்களா? இப்போதும் அலமாரி மேல் உட்கார்ந்து என்னையே முறைக்கிறது. தலையணையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன். அம்மா கொடுத்தது, தூக்கி எறிய மாட்டேன்.

மாடிவீட்டுக்காரி:
தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். இன்று பெட்டியில் மூத்திரம் பட்டு இறுகிய மணல் எத்தனை கட்டி அள்ளினீர்கள்? எலுமிச்சை அளவா, சுண்டைக்காய் அளவா? ஒன்றுமே இல்லையென்றால் இங்கே பதில் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், இரவு என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கோவைக்காரன்:
பெட்டியை மனைவிதான் அள்ளுவாள். காலையில் கேட்டுச் சொல்கிறேன். முதல் நாள் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

மாடிவீட்டுக்காரி:
காலையில் வேண்டாம் தம்பி. இப்போதே எழுப்பிக் கேளுங்கள்.